அருவிக்கும் எல்லை உண்டு

"ஊர் சுற்றுகிறவனுக்கு எல்லை ஏது?" என்று ஒரு வாக்கியம் இப்போது நம்மிடையே செலாவணியாகி வருகிறது. முதுகில் ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு தேசம் தேசமாகப் போய் வருகிறவர்கள் இதைச் சொல்லுகிறார்கள். அவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்னும் பலமாகச் சொல்லுகிறார்கள். வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அதைப் படிக்கிற நாமும், "அடடா, எவ்வளவு விசாலமான மனசு!" என்று தலையை ஆட்டுகிறோம்.

கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் சந்தையில் மண்பானை வாங்குகிறவள் கூட அதைத் தட்டிப் பார்த்துத்தான் வாங்குகிறாள். நானும் இந்த வாக்கியத்தைத் தட்டிப் பார்த்தேன். கீறல் விழுந்த சத்தம் கேட்கிறது.

உதாரணம் இல்லாமல் வாதம் செய்வது எனக்குப் பிடிக்காது. இந்த எல்லையற்ற பிரயாணிகள் அநேகமாக எல்லாரும் பெருமையோடு எடுத்துக் காட்டுகிற இடம் ஒன்று உண்டு. தென் அமெரிக்காவில் பிரேஸில், அர்ஜென்டினா, பராகுவே என்ற மூன்று தேசங்களும் கூடுகிற மூலைக்கு அருகில் இருக்கிற இகுவாஸு அருவி. காலையில் ஒரு தேசம், மத்தியானம் இன்னொன்று, சாயங்காலம் மூன்றாவது என்று ஒரே நாளில் மூன்று தேசங்களில் கால் வைத்துவிட்டு வரலாம். அப்படி வந்தவர்கள், "தண்ணீருக்குத் தெரியுமா ஐயா, எல்லைக் கோடு?" என்று கட்டுரையை முடிக்கிறார்கள். நானும் 2019ல் அங்கே போயிருக்கிறேன். ஆகையால் அந்த அருவியையே சாட்சிக் கூண்டில் ஏற்றி விசாரிக்கலாம் என்று உத்தேசம்.

அதற்கு முன்னால் இன்னொரு கோஷ்டியை வழியனுப்பிவிட வேண்டும். "தண்ணீர் மேலேயிருந்து கீழே விழுகிறது. இதைப் பார்க்க லட்சக் கணக்கில் செலவழித்துப் பூமிக்கு அந்தப் பக்கம் போக வேண்டுமா? குற்றாலத்தில் விழுவதும் தண்ணீர்தானே?" என்று கேட்கிறவர்கள் இவர்கள். இவர்களுக்கு என் பதில் சுலபமானது. அப்படியானால் ஆயுளில் ஒரு நாவல் படித்தால் போதுமே, இரண்டாவது எதற்கு? எல்லா நாவலிலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சில உறவினர்களும்தானே வருகிறார்கள்? உலகத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவனை நான் ஒரு நாளும் குறை சொல்ல மாட்டேன். அவன் பார்த்துவிட்டு வந்து சொல்லுகிற பொய்யைத்தான் குறை சொல்லுகிறேன்.

அருவியின் பெருமையில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. இகுவாஸு என்பது குவாரனி மொழிச் சொல். 'இ' என்றால் தண்ணீர். 'குவாஸு' என்றால் பெரியது. பெயர் வைத்தவர்கள் அதற்கு மேல் அலங்காரம் செய்யவில்லை, தேவையும் இல்லை. ஆறு 2.7 கிலோமீட்டர் அகலத்துக்கு உடைந்து, சுமார் 275 அருவிகளாகப் பிரிந்து விழுகிறது. சில இடங்களில் 80 மீட்டர் உயரம். அர்ஜென்டினாப் பக்கத்தில் ஒரு சின்ன ரயில் காட்டுக்குள்ளே கொண்டுபோய் விடுகிறது. அங்கிருந்து ஒரு கிலோமீட்டருக்குமேல் ஆற்றின் மீது போட்ட இரும்புப் பாதையில் நடக்க வேண்டும். பாதை முழுவதும் ஆறு பரம சாதுவாகக் காலடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று தரையே இல்லாமல் போகிறது. 'பிசாசின் தொண்டை' என்று அந்தக் குழிக்குப் பெயர். நனைந்து, காது அடைத்து, பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காமல், பேச வேண்டும் என்ற ஆசையும் இல்லாமல் நின்றேன். அந்த நீர்த் திரையைக் கிழித்துக்கொண்டு சின்னச் சின்னக் கறுப்புப் பறவைகள் உள்ளே போகின்றன. திரைக்குப் பின்னால் பாறையில் அவற்றுக்குக் கூடு இருக்கிறது. எழுதிப் பிழைக்கிறவன் அந்த இடத்தில் செய்யத்தக்க காரியம் பேனாவை மூடி வைப்பதுதான்.

ஆனால் அந்தத் தொண்டையின் நடுவிலே எல்லைக் கோடு போகிறது. ஒரு பாதி அர்ஜென்டினா, ஒரு பாதி பிரேஸில். தண்ணீருக்கு அது தெரியாது என்பது நிஜம். தெரிந்துகொள்ள வேண்டியது தண்ணீர் அல்லவே, மனிதன் அல்லவா?

எல்லை அங்கே எப்படி வேலை செய்கிறது என்று சொல்லுகிறேன். அர்ஜென்டினாவின் புவேர்த்தோ இகுவாஸுவிலிருந்து பிரேஸிலின் போஸ் தோ இகுவாஸுவுக்கு டவுன் பஸ் ஓடுகிறது. 1985ல் திறந்த ஒரு பாலத்தின் வழியாகப் போகிறது. அர்ஜென்டினாச் சாவடியில் எல்லாரும் இறங்கி ஏறுகிறார்கள். பிரேஸில் சாவடியில் பஸ் தானாக நிற்பதில்லை. அந்த வட்டாரத்து ஜனங்களுக்கு அது தேவையும் இல்லை. அந்த நாட்டுப் பிரஜைகள் பாஸ்போர்ட் இல்லாமல், அடையாளச் சீட்டை வைத்துக்கொண்டே ஒரு தேசத்திலிருந்து மற்றதற்குப் போய் வருகிறார்கள். என்னைப் போன்ற அந்நியன் டிரைவரிடம் கேட்டு இறங்க வேண்டும். இறங்கினால் பஸ் காத்திருக்காது. முத்திரை வாங்கிக்கொண்டு, வெயிலில் உட்கார்ந்து, அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். இறங்காமலே போய்விட்டால்? யாரும் தடுக்க மாட்டார்கள். தேசத்தை விட்டு வெளியே போகிற அன்றுதான், "நீ எப்போது உள்ளே வந்தாய்?" என்ற கேள்வி வரும்.

என்னோடு ஒரு பிரெஞ்சு வாலிபனும் இறங்கினான். இருபத்திரண்டு வயது இருக்கும். மூன்று தேசத்துக்கும் அவனுக்கு விசா வேண்டியதில்லை. புத்தகத்தைக் கொடுத்தான், முத்திரை விழுந்தது, வெளியே வந்துவிட்டான். நானோ பிரேஸிலுக்குத் தனியாக, அர்ஜென்டினாவுக்குத் தனியாக விசா வாங்கியிருந்தேன். பாங்கிக் கணக்கு, ஓட்டல் சீட்டு, திரும்பி வருகிற டிக்கெட் எல்லாவற்றையும் காட்டி, நான் அங்கேயே தங்கிவிடுகிற ஆசாமி இல்லை என்று நிரூபித்திருந்தேன். போதாததற்கு, கிளம்புகிறதற்குப் பத்து நாளைக்கு முன்பே கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசியும் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சான்றிதழ் இல்லாமல் அந்த நாடுகளிலிருந்து திரும்பினால் நம்முடைய சர்க்காரே நம்மைப் பிடித்துத் தனியே உட்கார வைத்துவிடும். சாவடி அதிகாரி மரியாதைக்காரர். குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. அவர் என் புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார், பிரெஞ்சுக்காரனுடையதைத் திருப்பவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்த பஸ்ஸுக்காக நாங்கள் காத்திருந்தபோது அந்தப் பையன் சொன்னான்: "உலகம் எவ்வளவு திறந்து கிடக்கிறது, பார்த்தீர்களா!" நல்ல பிள்ளை. தன்னிடமிருந்த பிஸ்கோத்தில் எனக்கும் கொடுத்தான். அவன் சொன்னதில் கபடம் இல்லை. அவனுக்குக் கதவு திறந்தே இருந்தது. திறந்திருக்கும் கதவு கண்ணில் படுவதில்லை.

இந்தக் கதவு யாருக்குத் திறக்கும் என்பது அன்பினால் தீர்மானமாகிற விஷயமும் அல்ல. அமெரிக்கர்கள் பிரேஸிலுக்குப் போக விசா வேண்டியதில்லை என்று 2019ல் பிரேஸில் சலுகை கொடுத்தது. பிரேஸில்காரர்களுக்கு அமெரிக்கா அதே சலுகையைக் கொடுக்கவில்லை. 2025 ஏப்ரலில் பிரேஸில் சலுகையைத் திரும்ப வாங்கிக்கொண்டது. அர்ஜென்டினா சில வருஷ காலம் அமெரிக்கர்களிடம், "நீங்கள் எங்களிடம் வசூலிக்கிற அளவு நாங்களும் வசூலிப்போம்" என்று கட்டணம் வாங்கி, 2016ல் நிறுத்தியது. ஆக, சர்க்கார்களுக்கு எல்லை என்பது மிகவும் நன்றாகத் தெரிகிறது. முதுகில் மூட்டை கட்டியவனுக்கு மட்டும் தெரியவில்லையென்றால், அவன் ஞானியாகிவிட்டான் என்று அர்த்தமில்லை. அவனுடைய பாஸ்போர்ட்டு உயர்ந்த ஜாதி என்றுதான் அர்த்தம்.

இந்தக் கோட்டைப் போட்டது யார் என்றும் கேட்டுவிடலாம்.

வெள்ளைக்காரர்கள் வருகிறதற்கு முன்பு அந்தக் காட்டில் இருந்தவர்கள் குவாரனி ஜனங்கள். நடையே அவர்களுடைய மதம் என்று சொல்லலாம். 'தீமையற்ற பூமி' என்று ஓர் இடம் இருப்பதாகவும், அதைத் தேடிப் போக வேண்டும் என்றும் அவர்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு. கூட்டம் கூட்டமாக அதைத் தேடிப் புறப்பட்டிருக்கிறார்கள். 1750ல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் மாட்ரிட் நகரத்தில் ஒப்பந்தம் செய்து தென் அமெரிக்காவைப் பங்கு போட்டுக்கொண்டன. அருவிக்குத் தெற்கே, உருகுவே ஆற்றின் கிழக்குக் கரையில் பாதிரிமார்களின் ஆதரவில் குவாரனிகள் கட்டியிருந்த ஏழு ஊர்கள் போர்ச்சுகல் பங்குக்குப் போயின. சுமார் 30,000 பேர் வீடு, கோயில், வயல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆற்றைத் தாண்டிப் போக வேண்டும் என்று உத்தரவு. அவர்கள் மறுத்தார்கள். 1756ல் இரண்டு ராஜாக்களின் பட்டாளமும் சேர்ந்து வந்து ஒரே சண்டையில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கொன்றன. பிறகு 1761ல் அந்த ஒப்பந்தம் வேண்டாம் என்று அதே இரண்டு தேசங்களும் ரத்து செய்துவிட்டன. செத்தவர்களுக்கு அந்தச் சமாசாரத்தை யாரும் போய்ச் சொல்லவில்லை. 1986ல் வந்த 'தி மிஷன்' என்ற படத்தில் இந்தக் கதைதான் வருகிறது. அதில் அருவிக் காட்சிகளை இகுவாஸுவிலேயே எடுத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு அருவிக்குப் புறப்பட்டவர்கள் ஏராளம்.

கோடு அதோடு நிற்கவில்லை. 1864லிருந்து 1870 வரை பிரேஸில், அர்ஜென்டினா, உருகுவே மூன்றும் சேர்ந்து பராகுவேயோடு செய்த யுத்தத்தில் அந்தச் சின்ன தேசம் நொறுங்கிப் போயிற்று; பரானா ஆற்றுக்குக் கிழக்கே தன்னுடையதென்று சொல்லிவந்த பூமியை இழந்தது. பிறகு ஜெயித்தவர்களுக்குள் தகராறு. அருவிக்குக் கிழக்கேயுள்ள காடு யாருக்கு என்று பிரேஸிலும் அர்ஜென்டினாவும் சண்டையிட்டு, கடைசியில் மத்தியஸ்தத்துக்குப் போனார்கள். 1895ல் தீர்ப்புச் சொன்னவர் வாஷிங்டனில் உட்கார்ந்திருந்த அமெரிக்க ஜனாதிபதி கிளீவ்லண்ட். சுமார் 30,000 சதுர கிலோமீட்டர் காடு, தீர்ப்பு பிரேஸிலுக்கு. அந்தக் காட்டில் குடியிருந்த குவாரனியை யாரும் சாட்சிக்குக் கூப்பிட்டதாகத் தெரியவில்லை.

இன்றைக்கு அந்தக் குவாரனிகளின் பேரப் பிள்ளைகளைப் புவேர்த்தோ இகுவாஸுவில் பார்க்கலாம். மரத்தில் சின்னச் சின்னப் புலியும் ஆந்தையும் செதுக்கி, கூடை முடைந்து, அருவிக்குப் போகிற வழியில் தரையில் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லையற்ற பிரயாணி குனிந்து விலை கேட்கிறான். பேரம் பேசுகிறான். நடந்து நடந்து தீமையற்ற பூமியைத் தேடியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். எதைத் தேடுகிறோம் என்று தெரியாதவன் நடந்துகொண்டிருக்கிறான்.

"எல்லாம் சரி, பழங்கதை. இப்போது அருவி அழகாகத்தானே இருக்கிறது? பார்த்து ரசித்துவிட்டுப் போவதில் என்ன குற்றம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாகத்தான் இன்னோர் அருவியின் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைப் பார்க்க நீங்களும் போக முடியாது, நானும் போக முடியாது.

இகுவாஸு ஆறு போய்க் கலக்கிற பெரிய ஆறு பரானா. அதன் மேல்பகுதியில், பிரேஸிலுக்கும் பராகுவேக்கும் நடுவிலே, குவாயிரா என்ற இடத்தில் ஓர் அருவி இருந்தது. பிரேஸில்காரர்கள் அதை 'ஸேத்தே கேதாஸ்' என்றார்கள்; ஏழு வீழ்ச்சிகள் என்று பொருள். சுமார் 400 மீட்டர் அகலத்தில் வந்த மகாநதி 60 மீட்டர் அகலமுள்ள பாறை இடுக்குக்குள் நெரிந்து பாயும். உயரத்தில் அது இகுவாஸுவுக்குக் குறைவு. ஆனால் விழுந்த தண்ணீரின் அளவில் இகுவாஸுவையும் நயாகராவையும் பக்கத்தில் வைத்துப் பேச முடியாது. பல மடங்கு பெரியது. உலகத்திலேயே அதிகத் தண்ணீர் விழுந்த அருவிகளில் அது ஒன்று.

அந்த அருவிக்கு நேர்ந்த விதி, அது எல்லையில் இருந்ததுதான். கோடு அருவியின் எந்தப் பக்கமாகப் போகிறது என்பதில் இரண்டு தேசங்களுக்கும் பழைய வழக்கு. 1965ல் பிரேஸில் பட்டாளத்தார் அந்தத் தகராறு நிலத்தில் போய் உட்கார்ந்தார்கள். பராகுவே கூச்சல் போட்டது. 1966ல் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு சமரசத்துக்கு வந்தார்கள்: நிலம் யாருக்கு என்று சண்டை போடுவானேன், ஆற்றில் கிடைக்கும் மின்சாரத்தை இருவரும் சமமாகப் பங்கு போட்டுக்கொள்வோம். 1973ல் ஒப்பந்தம் ஆயிற்று. கீழே இருக்கிற அர்ஜென்டினா தன் தண்ணீருக்கு என்ன ஆகுமோ என்று பயந்தது. 1979ல் மூன்று பேரும் சேர்ந்து அதையும் சரிக்கட்டிக்கொண்டார்கள். அப்போது பிரேஸிலில் ராணுவ ஆட்சி. பராகுவேயில் ஸ்ட்ரோஸ்னரின் சர்வாதிகாரம். ஆகவே ஜனங்களைக் கேட்கவேண்டிய சிரமம் யாருக்கும் ஏற்படவில்லை. 1982 அக்டோபர் 13ஆம் தேதி இதாய்ப்பு அணையின் கதவுகளை மூடினார்கள். பதினான்கு நாளில் 1,350 சதுர கிலோமீட்டர் ஏரி நிறைந்தது. ஸேத்தே கேதாஸ் மௌனமாகிவிட்டது. தகராறு நிலமும் தகராறு அருவியும் தண்ணீருக்கு அடியில் போய்விட்டபடியால் வழக்கும் அடங்கிவிட்டது. இரண்டு அண்ணன் தம்பி சண்டையில் வீட்டுப் பசுவைக் கொன்று சமாதானம் செய்துகொண்ட மாதிரி.

"அணையே கூடாது என்கிறாயா? மின்சாரம் இல்லாமல் இந்தக் கட்டுரையை எப்படி அச்சடிப்பாய்?" என்று அடுத்த கோஷ்டி எழுந்திருக்கும். நான் அணைகளின் எதிரி அல்ல. இதாய்ப்பு சாமானிய அணையும் அல்ல. 14,000 மெகாவாட் சக்தி. 2016ல் மட்டும் 10,300 கோடி யூனிட் மின்சாரம் உற்பத்தி செய்து உலக சாதனை படைத்தது. பராகுவேயின் வீடுகளில் எரிகிற விளக்குகளில் பெரும்பாலானவை அதன் புண்ணியம். இதையெல்லாம் மறுப்பவன் நியாயவாதி அல்ல.

என் கேள்வி வேறு. லாபத்தை யார் கணக்கில் எழுதினார்கள், நஷ்டத்தை யார் கணக்கில் எழுதினார்கள்? பாதி மின்சாரம் பராகுவேக்கு என்று ஒப்பந்தம் சொல்லிற்று. ஆனால் அந்தச் சின்ன தேசம் உபயோகித்தது போக மிச்சத்தைப் பிரேஸிலுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றும் அதே ஒப்பந்தம் சொல்லிற்று. அதற்கான ஈட்டுத் தொகை போதாது என்று பராகுவே வருஷக் கணக்காக முறையிட்டு, 2009ல்தான் அதை மூன்று மடங்காக்க உடன்பாடு ஏற்பட்டது. பிரேஸில் கரையில் மட்டும் சுமார் 40,000 பேர் நிலத்தை விட்டுப் போனார்கள். அவா குவாரனி என்ற பிரிவினரின் ஊர்கள் முழுகின. அவர்களுக்கு 3,000 ஹெக்டேர் நிலம் வாங்கிக் கொடுப்பதென்றும், பகிரங்கமாக மன்னிப்புக் கேட்பதென்றும் உடன்பாடு ஏற்பட்டது எப்போது தெரியுமா? 2025ல். நாற்பத்து மூன்று வருஷம். ஏரி நிறையப் பதினான்கு நாள் போதுமாயிருந்தது.

இப்போது என் பிரயாணி நண்பர்களிடம் திரும்பி வருகிறேன். அவர்களைத்தான் இந்தக் கதை அதிகமாகச் சுட வேண்டும்.

ஸேத்தே கேதாஸ் முழுகப் போகிறது என்று தெரிந்ததும் ஜனங்கள் என்ன செய்தார்கள்? பார்க்க வந்தார்கள். கடைசித் தடவையாக ஒரு தரம் பார்த்துவிட வேண்டும் என்று ஆயிரக் கணக்கில் மூட்டை முடிச்சோடு வந்தார்கள். 1982 ஜனவரியில் ஒரு நாள், கூட்டம் தாங்காமல் அருவியின் மேல் தொங்கிய நடைபாலம் அறுந்து விழுந்து 30க்கு மேற்பட்டவர்கள் செத்துப் போனார்கள். அதற்குப் பிறகும் வந்தார்கள். பார்த்தார்கள். படம் பிடித்தார்கள். கண்ணீர் விட்டவர்களும் உண்டு. அக்டோபரில் கதவு மூடியது.

பார்ப்பது என்பது ஒரு பொருளைக் காப்பாற்றும் என்று நம்முடைய பிரயாண எழுத்தாளர்கள் நினைக்கிறார்கள். "இவ்வளவு பேர் வந்து ரசிக்கிற இடத்தை யார் என்ன செய்துவிட முடியும்?" என்கிறார்கள். ஸேத்தே கேதாஸை ரசித்தவர்கள் குறைவா? சட்டத்தின் பாதுகாப்புதான் இல்லையா? 1961லேயே அதைத் தேசியப் பூங்கா என்று பிரேஸில் அறிவித்திருந்தது. அணைக்கு இடைஞ்சல் என்றதும் 1981ல் அந்தப் பூங்காவை ரத்து செய்துவிட்டது. ஒரு காகிதம் கொடுத்ததை இன்னொரு காகிதம் எடுத்துக்கொண்டது.

அப்படியானால் இகுவாஸு எப்படித் தப்பியது? அதற்கும் ஒரு பிரயாணிதான் காரணம் என்பதைச் சந்தோஷமாகச் சொல்லுகிறேன். ஆகாய விமானம் ஓட்டிப் புகழ் பெற்ற ஸாந்தோஸ் துமோன் என்ற பிரேஸில்காரர் 1916ல் அர்ஜென்டினாப் பக்கத்திலிருந்து எல்லை தாண்டி வந்து இந்த அருவியைப் பார்த்தார். நம்முடைய மூட்டைப் பிரயாணிகளுக்கு அவரே மூதாதை எனலாம். பிரேஸில் கரை ஒரு தனி மனிதரின் சொத்து என்று அங்கே கேள்விப்பட்டார். "அடடா!" என்று சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பவில்லை. காட்டு வழியாகக் குதிரையில் நாள் கணக்கில் போய், பிறகு குரிட்டிபா நகரத்தை அடைந்து, மாகாணத் தலைவரிடம் இது பொதுச் சொத்தாக வேண்டும் என்று வாதாடினார். அதே வருஷம் ஜூலை மாதம் உத்தரவு பிறந்தது. அந்த நிலத்தில்தான் 1939ல் பிரேஸிலின் தேசியப் பூங்கா அமைந்தது. அர்ஜென்டினா தன் பக்கத்தில் 1934லேயே அமைத்துவிட்டது. பின்னர் 1984லும் 1986லும் இரண்டு பூங்காக்களையும் யுனெஸ்கோ உலகச் சொத்தாக ஏற்றுக்கொண்டது. துமோனுக்கு அருவியின் அருகில் ஒரு சிலை இருக்கிறது. அதன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொள்ளுகிறார்கள். அவர் என்ன செய்தார் என்று நான் அங்கே விசாரித்த நாலு பேரில் மூன்று பேர், "விமானம் ஓட்டினார்" என்றார்கள். நாலாவது ஆசாமிக்கு அதுவும் தெரியவில்லை.

இகுவாஸு தப்பிவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. அதே ஆற்றில், அருவிக்கு மேலே, வரிசையாக அணைகள் இருக்கின்றன. அவற்றில் மூன்றின் பெயரைக் கேளுங்கள்: ஸால்ட்டோ ஒஸோரியோ, ஸால்ட்டோ ஸாந்தியாகோ, ஸால்ட்டோ காஷியாஸ். 'ஸால்ட்டோ' என்றால் அந்த பாஷையில் அருவி. அங்கேயிருந்த அருவிகளின் பெயரை அணைகளுக்கு வைத்திருக்கிறார்கள், அருவிகள் இல்லை. கடைசியாகக் கட்டிய அணை 2019ல் வேலை தொடங்கியது. அது பூங்காவின் எல்லைக்கு மிக அருகிலேயே இருக்கிறது. பிசாசின் தொண்டையில் நின்று "இயற்கையின் சுதந்திர கர்ஜனை" என்று நாம் எழுதிக்கொள்ளுகிறோமே, அந்தக் கர்ஜனைக்கு வருகிற தண்ணீரில் எவ்வளவை எப்போது விடுவது என்பது, மழை வெள்ளக் காலம் நீங்கலாக, மேலே உள்ள மதகுகளின் கணக்கையும் பொறுத்திருக்கிறது.

ஆகவே என் கட்சி இதுதான். அருவி வெறும் இயற்கை அல்ல, ராஜாங்க விவகாரம். எல்லை வெறும் கோடு அல்ல. யார் நடக்கலாம், யார் உட்கார்ந்திருக்க வேண்டும், எந்த ஊர் முழுகலாம், எந்த ஊர் மிதக்கலாம் என்று தீர்மானிக்கிற அதிகாரம். "எனக்கு எல்லை இல்லை" என்று ஒருவன் சொன்னால், அந்த அதிகாரத்தைப் பற்றிக் கேள்வி கேட்க மாட்டேன் என்று அவன் வாக்குக் கொடுத்துவிட்டான். அதனால்தான் இந்த வாக்கியத்தை எந்தச் சர்க்காரும் ஆட்சேபிப்பதில்லை. பிரயாண விளம்பரக்காரர்களும் பெரிய எழுத்தில் போட்டுக்கொள்ளுகிறார்கள்.

போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நாளைக்கே போங்கள். கடன் வாங்கியாவது போங்கள். மகளுக்கு நகை செய்கிற பணத்தில் அவளையும் அழைத்துக்கொண்டு போங்கள். ஆனால் மூன்று முத்திரை வாங்கியதோடு யாத்திரை முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். போஸ் தோ இகுவாஸுவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இதாய்ப்பு அணைக்குப் போய்விடலாம். பஸ்ஸில் ஏற்றிச் சுற்றிக் காட்டுகிறார்கள். அங்கே மின்சாரக் கணக்கைச் சொல்லுவார்கள். முழுகிய ஊர்களின் கணக்கை நீங்கள்தான் கேட்க வேண்டும். 1965ல் திறந்த 'சிநேகப் பாலம்' பிரேஸிலையும் பராகுவேயையும் இணைக்கிறது. அதில் ஒரு காலை வேளை நின்று பாருங்கள். தலையிலும் தோளிலும் சாமான் மூட்டைகளோடு ஜனங்கள் போகிறார்கள், வருகிறார்கள். அவர்களும் முதுகில் மூட்டை கட்டியவர்கள்தான். ஆனால் அவர்களைப் பற்றி யாரும், "எல்லையற்ற ஆத்மாக்கள்" என்று எழுதுவதில்லை. சுங்கக்காரனைக் கண்டால் அவர்கள் நடையே மாறுகிறது.

அவகாசம் இருந்தால் வடக்கே குவாயிரா ஊருக்கும் போங்கள். ஐந்தாறு மணி நேரப் பிரயாணத்துக்கு மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. விசாலமான, தட்டையான, சத்தமில்லாத ஏரி. எதிர்க் கரையில் பராகுவே ஊர் ஒன்று. அதற்குப் பெயர் ஸால்ட்டோ தெல் குவாயிரா, குவாயிரா அருவி என்று அர்த்தம். அருவி போய்விட்டது, பெயரைச் சொல்லிக்கொண்டு ஊர் நிற்கிறது.

நம்முடைய பத்திரிகை ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. பிரயாணக் கட்டுரை கேட்டு வாங்குகிறபோது, "எவ்வளவு செலவாயிற்று? எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அழகு? ஓட்டல் எப்படி?" என்று கேட்கிறீர்கள். நியாயம்தான், வாசகர்களுக்கு வேண்டியிருக்கிறது. கூடவே, "அந்த ஆற்றில் இப்போது என்ன நடக்கிறது?" என்ற ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அர்ஜென்டினாப் பக்கம் அழகா, பிரேஸில் பக்கம் அழகா என்று பட்டிமன்றம் நடத்த ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இரண்டு பக்கத்தாரும் சேர்ந்து மதகைத் திருகினால் என்ன ஆகும் என்று கேட்க ஆள் வேண்டும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு வாசக நண்பர், "அழகை ரசிக்கப் போன இடத்தில் இவ்வளவு கணக்குப் பார்த்தால் ரசனை கெட்டுவிடாதா, ஸார்?" என்றார். கெடாது. பெண்ணின் கஷ்டங்களைத் தெரிந்துகொண்ட பிறகும் அவளை நேசிக்கிறவனைத்தான் நாம் நல்ல மாப்பிள்ளை என்கிறோம். முகத்தை மட்டும் பார்த்துவிட்டு, பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, வீட்டு விலாசத்தையே மறந்துவிடுகிறவனுக்கு வேறு பெயர் இருக்கிறது.